வெட்டப்பட்ட கேள்வி

தசரதன் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி, முதல் ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் புதுவாயலில் நிற்கும்போது வந்தது. காலையில் பல் துலக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். எதிர்ச் சுவரில், போன மாதம் நாங்கள் சேர்ந்து பார்த்த படத்தின் போஸ்டர் பாதி கிழிந்து தொங்கியது. அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. போயும் போயும் இதுவா அந்த மனிதர் கடைசியாகப் பார்த்த படம்?

தேர்வாய் கண்டிகை தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்தின் தெலுங்கு மூலத்தை ஆந்திர எல்லை தாண்டிப் போய்ப் பலமுறை பார்த்தவர் அவர். எல்லாம் ஒரு காட்சிக்காக. ஓட்டுக் கேட்க வந்த தலைவர் மேடையில், "நீங்கள்தான் என் குடும்பம்" என்று உருகுவார். கூட்டத்தில் ஒரு கூலிக்காரர் எழுந்து, "எங்க ஊர் பேரு என்ன, சொல்லுங்க" என்பார். தலைவருக்குத் தெரியாது.

எங்கள் புது மேலாளரும் ஒருமுறை அப்படித்தான், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று பேசினார். அண்ணன் எழுந்தார். "சார், என் பேரு இன்னா சார்?" மேலாளரின் கண் அவருடைய பேட்ஜைத் தேடியது. அண்ணன் அதைக் கையால் மூடியிருந்தார்.

அந்தப் படத்தைத் தமிழில் எடுக்கிறார்கள், காட்டுப்பள்ளிப் பக்கம் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்றதும் லீவு போட்டுவிட்டு ஓடினார். கேள்வி கேட்கும் ஆளாக அவரையே நிறுத்திவிட்டார்கள். "நைனா, நான் கேட்டேன் பாரு, அம்மாம் பெரிய ஆக்டரு முழிச்சிக்கினு நின்னாரு" என்று கேன்டீனில் சாம்பார் ஆறும்வரை சொல்வார். "சோறு போடுன்னு கூட கேக்கறதில்ல, ஊரு பேரு இன்னான்னுதான் கேக்கறாரு" என்று அண்ணி சலித்துக்கொள்வார்.

போன மாதம் படம் வந்தது. இரண்டு குடும்பமும் கும்மிடிப்பூண்டிக்குப் போனோம். நாங்கள், இன்னும் சிலர், மற்றபடி காலி நாற்காலிகள். பெரிய நடிகர்கள் ஒவ்வொருவராக நடந்து வருவதற்கே இடைவேளை ஆகிவிட்டது. அந்தக் காட்சி வரவேண்டிய இடத்தில் கதாநாயகர் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி, மக்களைப் பார்த்துக் கேள்வி கேட்டார். மக்கள் கைதட்டினார்கள். கைதட்டியவர்களின் முதுகுகளில் ஒன்றைக் காட்டி அண்ணி, "அது நான் தேச்ச சட்ட" என்றார். அண்ணனின் முகம் எங்கேயும் வரவில்லை. பின்வரிசையில் ஒருவன், "ஆபரேட்டரண்ணே, தெலுங்கு படத்தயே போட்டுருண்ணே" என்று கத்தினான். முதலில் சிரித்தது அண்ணன்தான்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது மட்டும் சொன்னார்: "இத்தினி பெரிய ஆளுங்க நின்னா, கேள்வி கேக்கறவன் எங்க நைனா நிப்பான்?"

பத்தாவதையே முட்டி மோதித் தாண்டிய எனக்கே தெரிகிறது, அந்தக் கதையின் உயிர் எங்கே இருந்தது என்று. அத்தனை பெரிய தலைகள் கூடி அதைத்தான் வெட்டி எறிந்திருக்கின்றன. படம் ஊத்திக்கொண்டதும் மக்களுக்கு ரசனை இல்லை என்று பேட்டி வேறு. காறித் துப்பலாம் போலிருந்தது.

சாவுக்கு ஒரு கட்சிப் பிரமுகர் மாலையும் போட்டோகிராபருமாக வந்தார். "இவர் என் குடும்பத்தில் ஒருவர்" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு பேரு இன்னா, சொல்லுங்க."

பிரமுகரின் கண் சுவரைத் தேடியது. அஞ்சலி போஸ்டர் இன்னும் அச்சாகி வரவில்லை.

அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான். நேற்று என் மகளை உட்காரவைத்து, படிப்பின் அருமையைப் பற்றி மேடைப் பேச்சு மாதிரி முழங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் காலேஜ்ல இன்னா படிக்கறேன், சொல்லுப்பா" என்றாள்.

முழித்தேன். தியேட்டரில் வராத காட்சி எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.