பத்தவைத்த இடம்

திராவக நெடி மூக்கில் ஏறினால் கண்ணில் தண்ணீர் வரும். வேலூர் லாங் பஜாரில், பவுனை உரைத்துப் பார்க்கும் ஒரு சின்னக் கடையில் அதை முதலில் முகர்ந்தேன். எனக்கு எட்டு வயது.

அம்மா ஆம்பூரில் தோல் கம்பெனி வேலைக்குப் போனாள். அவளுக்கு இருந்தது ஒரே சங்கிலி, கல்யாணத்தில் அவள் அண்ணன் போட்டது. பெட்டியிலேயே கிடக்கும். அப்பாவின் தங்கை, குடியாத்தம் அத்தை, ஒரு விசேஷத்துக்கு அதை இரவல் வாங்கிப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இனி எவளும் கேட்கக்கூடாதென்று அம்மா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வேலைக்குப் போக, பத்தே நாளில் சங்கிலி கறுத்துவிட்டது.

"நாத்தனா சங்கிலிய மாத்திட்டா" என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள்.

அத்தை ஓடிவந்து வாசலில் நின்றாள். "என் புள்ள மேல சத்தியம், அண்ணி."

"உன் சத்தியத்த உரசிப் பாக்க முடியாது. சங்கிலிய உரசலாம்."

கடையில் அம்மா உட்காரவில்லை. கடைக்காரர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மெதுவா உரசுங்க. கல்லுலயே பாதி போய்டப் போவுது."

"அப்பிடின்னா கல்லையும் எடுத்துக்கினு போம்மா" என்றார் அவர்.

முதலில் கறுப்பைத் துடைத்தார். கொக்கிக்குப் பக்கத்தில் கடுகளவு மொட்டு ஒன்று தெரிந்தது. கைக்குழந்தையில் நான் இழுத்து அறுத்ததை ஆசாரி சூட்டில் உருக்கி ஒட்டி, "பத்தவைத்த" இடம். அம்மா அதை விரலால் தடவினாள். எங்கள் சங்கிலியேதான்.

பிறகு உரைகல்லில் நல்ல பவுனால் ஒரு கோடு, சங்கிலியால் ஒரு கோடு இழுத்து, இரண்டின் மேலும் திராவகம் தடவினார். முதல் கோடு அப்படியே நின்றது. எங்கள் கோடு வெளுத்துப்போனது.

"பாதிக்குப் பாதி செம்பு. தோல் கம்பெனிக்குப் போட்டுக்கினு போனியா? அந்த மருந்துக் காத்துக்குத்தான் கறுத்துக்குது. யாரு போட்டது இது?"

அம்மா சங்கிலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு கடையைவிட்டு இறங்கினாள்.

திரும்பி வரும் பஸ் பள்ளிகொண்டா தாண்டியதும், "வீட்ல வாயத் தொறந்த, பல்லு இருக்காது" என்றாள். தெருவில் சொன்னதை அவள் திருப்பி எடுக்கவில்லை. அத்தை பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

இப்போது அந்தக் கடையில் கல் இல்லை, நெடி இல்லை. பவுன் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று மெஷின் ஒரு நிமிடத்தில் சீட்டு கொடுக்கிறது. அம்மா போனபின் சங்கிலி எனக்கு வந்தது. போன மாதம் அதை மெஷினில் வைத்துப் பார்த்தேன். அன்று அவர் சொன்னதேதான்.

சீட்டு என் பையில் இருக்கிறது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாய் திறக்க வேண்டும். இரண்டு தடவை குடியாத்தம் போனேன். இரண்டு தடவையும், "சும்மா பாக்க வந்தேன், அத்த" என்றுதான் சொன்னேன்.

"சும்மா யாரு வருவா?" என்று அத்தை என் கழுத்தில் கிடந்த அந்தச் சங்கிலியையே பார்த்தாள்.