தோகைக்கு இடம் போதாத கம்ப்யூட்டர்

"...முழுசா வரைஞ்சாச்சுங்க, மெமரிதான் பத்தல. மயிலுக்கு உடம்பு வருது, தோகை வரல. அதுக்கு நான் இன்னா பண்றது?" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், அவருடைய மச்சான் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வாசலிலேயே சிரித்துவிட்டார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தோகை இல்லாத மயிலுக்கு நம்ம ஊர்ல கோழின்னு பேரு, பாவா."

அவர் ஆர்.கே.பேட்டையில் தறிச் சேலைகளுக்கு டிசைன் வரைகிறவர். மகளுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகையை மலைமேல் முருகனிடம் வைத்துவிட்டு, மனைவி, மகள், மச்சானோடு கீழே இறங்கி வந்திருந்தார். கோணிப்பையில் அந்தப் பழைய கம்ப்யூட்டர். வரைந்த டிசைனைத் தறி நெய்வதற்காக அட்டையில் ஓட்டைகளாக அடிக்கிற புரோகிராம் புது மெஷினில் ஓடாது. மகளின் கல்யாணப் புடவை முந்தியில் தன் மயில்தான் வரவேண்டும் என்பது அவர் பிடிவாதம். இன்றைக்குத் தோகை வராவிட்டால் டிசைன் வேலையை அரக்கோணத்தில் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக மச்சான் முடிவுகட்டியிருந்தார்.

காயலான் கடையில் பொறுக்கிய பழைய மெமரிகள் என்னிடம் ஒரு டப்பா நிறைய உண்டு. தேடி ஒரே மாதிரி இரண்டு எடுத்தேன்.

"இந்த மாடலுக்கு ஒத்தையா போட்டா வேலை செய்யாதுங்க. ஜோடியாத்தான் போடணும். ரெண்டும் ஒத்துப்போகணும்."

"ஆங், அதுக்கும் ஜாதகம் பாத்துகினு இருக்கணுமா?" என்றார் அவர் மனைவி.

பென்சில் ரப்பரால் முனைகளைத் தேய்த்தேன். சாய்வாகச் செருகி நிமிர்த்தினால் 'டிக்' என்று உட்காரும். ஒன்றை அவரிடம் கொடுத்தேன். கட்டைவிரலால் தடவித் தடவிப் பள்ளம் இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்தார். பழகிய கை என்று மெச்சினேன். மெஷினை ஆன் செய்ததும் என் கடை மானிட்டரில் ஓடிய எழுத்துகளை என்னைப் படிக்கச் சொன்னார். கண்ணாடியை மலையிலேயே மறந்துவிட்டாராம். கண்ணாடி போடுகிறவரின் மூக்கில் தடம் இருக்காதா? அவர் மூக்கில் அது இல்லாததை நான் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் மெஷின்மேல்.

மெமரி கணக்கு சரியாக ஏறியது. டிசைனைத் திறந்தேன். கொண்டை வந்தது, கழுத்து வந்தது, உடம்பு வந்தது. அதற்கப்பால் வெறும் கட்டங்கள். கடைசிவரை தள்ளிப் பார்த்தேன்.

"மெமரி நல்லாத்தான் இருக்குதுங்க. வரைஞ்சதே இவ்ளோதான்" என்றேன்.

இரண்டும் ஒத்துப்போகவில்லை, இன்னொரு நாள் வாங்க என்று சொல்லியிருக்கலாம். அவரை மட்டும் டீக்கடைக்கு அழைத்துப்போய்க் கேட்டிருக்கலாம். கண் மங்கிக்கொண்டு வந்ததை வீட்டுக்குத் தெரியாமல் மறைக்க அவருக்கு இருந்தது மெமரி பத்தல என்கிற அந்த ஒரு சாக்குதான். அதை நானே, ரிப்பேர் பார்க்கிறேன் என்று, எல்லார் எதிரிலும் பிடுங்கிவிட்டேன். கையிலிருந்து விழுந்ததை எடுக்கலாம், வாயிலிருந்து விழுந்ததை எடுக்க முடியாது என்பார்கள். இப்போதும் அந்த மாதிரி மெமரியைக் கையில் எடுத்தால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

மச்சான் சிரிக்கவில்லை.

"நைனா, நீ இன்னும் வரையவே இல்லியா?" என்றாள் மகள்.

"இருக்குதும்மா. இங்க பாரு" என்று அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, தூசி படிந்த மானிட்டர் கண்ணாடியில் ஆள்காட்டி விரலை வைத்தார். பீலி பீலியாக, அவ்வளவு அழகாகத் தோகையை விரித்துக்கொண்டு போனார், மயிலின் மூக்கிலிருந்து.