சிரிப்புக்கு விட்ட இடம்

அக்காவைக் கட்டிய அத்தான் சினிமாவில் எடிட்டர். ஆயுள் முழுக்க அழுகைப் படங்களை வெட்டி ஒட்டியவர். ஆசையாகக் கைவைத்தது ஒரே ஒரு கேலிப் படத்தில்தான். தலைவர் செத்துவிடுகிறார், ஊரே போட்டி போட்டுக்கொண்டு அழுகிறது, குறைவாக அழுதவனுக்கு வேலை போகிறது. கதை அவ்வளவுதான்.

கேலிப் படத்தை வெட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு நகைச்சுவைக்குப் பிறகும் கொஞ்சம் வெறும் இடம் விட வேண்டும். நடிகர் மூக்கைத் துடைப்பார், கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும். "ஜனங்க சிரிச்சு முடிக்கணும் மச்சான். இல்லன்னா அந்தச் சத்தத்துல அடுத்த வசனம் அமுங்கிடும்" என்பார். அதற்காகவே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் சிரித்து ஓய்கிற நேரம்தான் அவருக்கு அளவுகோல்.

படம் வந்ததும் தியேட்டர் இரண்டாகப் பிரிந்தது. பாதிப்பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீதிப்பேர் சிரித்தவர்களை முறைத்தார்கள். "செத்த மனுஷனை வெச்சு என்னய்யா சிரிப்பு?" என்று ஒருவர் குடும்பத்தோடு எழுந்து போனார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், சுத்தப் பொய். ஒரே வாரத்தில் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

மிச்சமிருந்தது விருதுதான். கிடைத்தால் மறுபடி வெளியிடுகிறேன், இல்லையென்றால் டிவிக்காரன் சொல்கிறபடி வெட்டித் தள்ளிவிடுவேன் என்றார் தயாரிப்பாளர். அத்தான் நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நடுவர்களுக்கான காட்சிக்குப் போனார். ஒலி அளவைப் பார்த்துக்கொள்ள அவரைப் பின்னால் நிற்க விட்டார்கள்.

சின்ன அறை. முதல் நகைச்சுவை வந்தது. அவர் விட்டிருந்த இடமும் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் சிரிக்கிறாரா என்று ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது? ஒருவருக்கு மட்டும் பொத்துக்கொண்டு வந்தது, அதையும் இருமலாக்கிவிட்டார். படம் முழுக்க அந்த வெறும் இடங்கள் வந்து வந்து போயின. வீட்டுக்கு வந்து அவர்தான் இதைச் சொன்னார்.

'துணிச்சலான முயற்சி. ஆனால் தொகுப்பில் தொய்வு' என்று தீர்ப்பு வந்தது. விருது, படுத்த படுக்கையான ஒரு தாயின் படத்துக்குப் போனது. அழுத பிள்ளைக்குத்தானே பால்!

"விடுங்க, நாம சிரிச்சோம்ல" என்றாள் அக்கா. அவர் சாப்பிடாமல் கை கழுவினார்.

டிவிக்காக அவரே உட்கார்ந்து அந்த இடங்களை ஒவ்வொன்றாக வெட்டினார். இயக்குநர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூக்குத் துடைப்பு போயிற்று, கதவு போயிற்று. ஒரு வசனத்தின் வாலை அடுத்த வசனம் மிதித்துக்கொண்டு ஓடியது. அப்படியும் ஓர் இடத்தில் எனக்குச் சிரிப்பு பீறிட்டது.

அத்தான் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம்கூட இல்லை.

"சிரிக்காத மச்சான். வசனம் கேக்கல."