நான் எச்சில் என்று சொன்ன கறை

அறுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். திருமுருகன்பூண்டிக்குப் பக்கத்தில், முட்காட்டை ஒட்டி எங்கள் பனியன் கம்பெனியின் சலவைப் பட்டறை இருந்தது. வெளுத்த துணியை அங்கே பாறைமேல் விரித்துக் காயவைப்பார்கள். எனக்குச் செக்கிங் வேலை. துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், சின்ன ஓட்டைகூட என் கண்ணுக்குத் தப்பாது. அதில் எனக்குத் தலைக்கனமும் நிறையவே உண்டு.

ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், பால்வெள்ளைத் துணியில் செக்கச்செவேலென்று ஒரு கறை! முதலாளி குதியோ குதியென்று குதித்தார். என்ன கறை இது என்று என்னைத்தான் கேட்டார். நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "வெத்தலை எச்சிலுங்க" என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரியில் பட்டறையில் தங்கியிருந்தவர் காவல்காரர் ஒருவர்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "நானில்லீங்க மொதலாளி" என்று ஆரம்பித்தார். முதலாளி அவரைப் பேசவே விடவில்லை. "நாளைக்குக் காத்தால மூட்டையக் கட்டிக்கிட்டுக் கெளம்பிரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் நான் போனபோது அவர் நிஜமாகவே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கம் பார்க்கச் சங்கடப்பட்டுப் பாறைப் பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு புள்ளிமான்! தொட்டியில் தண்ணீர் குடிக்க வந்திருக்க வேண்டும். தள்ளாடித் தள்ளாடித் துணிமேல் வந்து நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறுநீர் கழித்தது. சிவப்பு! நேற்றுப் பார்த்த அதே சிவப்பு!

"அய்யோ, ஓடியாங்க! மானுங்க, மானு!" என்று கத்தினேன். அவர் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவருவதற்குள் மான் மடங்கி விழுந்துவிட்டது. அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"காதுக்குள்ள பூரா உண்ணிங்க அம்மிணி. ஆமணக்குக் கொட்டையாட்ட ஊதிக் கெடக்குது. மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுங்க!"

ஓடினேன். செருப்பு எங்கே போனதென்றே தெரியாது. டாக்டர் சைக்கிளில் வந்து, மானின் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போனார். நானும் விடாமல் பின்னாலேயே போனேன். அதற்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர் மேஜையில் ஓங்கித் தட்டினார். என்னையும் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமாக ரத்த அணுக்கள். சிலதுக்குள் மட்டும் இரண்டு குட்டிக் கண்ணீர்த்துளிகள், நுனியோடு நுனி ஒட்டிக்கொண்டு! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"உண்ணி கடிக்கறப்ப ரத்தத்துல ஏறுற கிருமிம்மா இது. ரத்த அணுவையே ஒடச்சிரும். அதுதான் மூத்திரம் செவப்பாப் போகுது. மாட்டுல நெறையப் பாத்திருக்கேன், மானுல இப்பத்தான் பாக்கறேன்!" அவர் குரலும் படபடத்தது.

உடனே திரும்பி வந்து மானுக்கு ஊசி போட்டார். நான் முதலாளியைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன். அவர் துணியைப் பார்த்தார், மானைப் பார்த்தார். "மூட்டைய அவுத்துருப்பா" என்று முனகிவிட்டு நகர்ந்தார். நாலாம் நாள் அந்த மான் எழுந்து, வேலியை ஒரே தாவலாகத் தாவிக் காட்டுக்குள் ஓடியது. பட்டறையே கைதட்டியது!

அந்தச் சந்தோஷத்தோடு காவல்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எவ்வளவு பெரிய உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன் என்ற பெருமையும் கூடவே இருந்தது. அவர் சிரித்தார்.

"அத்தாம்பெரிய பூதக்கண்ணாடியெல்லாம் எதுக்குங்க அம்மிணி? என்ற பல்லைப் பாத்திருந்தாலே போதுமுங்களே. நான் வெத்தலையே போடறதில்லீங்க."

பளிச்சென்று அத்தனையும் வெள்ளைப் பற்கள். வெட்கத்தில் குறுகிப்போனேன். இத்தனை நாளாகத் தினமும் எதிரே வந்த மனிதரின் முகத்தை அன்றுதான் நான் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் யார்மேலாவது குற்றம் சொல்ல நாக்கு எழும்போது, அவருடைய அந்தச் சிரிப்புதான் என் வாயை அடைக்கிறது.