இன்னும் ஒன்பதாயிரம் கிலோமீட்டர்

எக்ஸ்பைரி அக்கா என்ற பெயரை ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெரியாமல்தான் வைத்தார்கள். தெரியவந்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முப்பத்து நான்கு வருடம் மருந்தகத்தில் வேலை பார்த்தவர். மாத்திரை அட்டை எதுவானாலும் கையில் எடுத்ததும் முதலில் திருப்பித் தேதியைப் பார்ப்பார், மருந்தின் பெயரெல்லாம் அதற்கப்புறம்தான். ஓய்வு பெற்ற பின்னும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சோடு பேச்சாக அங்கிருக்கும் ஜாம் பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பார். மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கினால் ஃப்ரிட்ஜ் பாதி காலியாகிவிடும். "அம்மா வந்தா எங்க குப்பைத்தொட்டிக்குத்தான் விருந்து" என்பாள் மகள்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு தேதியைக் கோட்டை விட்டார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் விட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முழுசாக மூன்று வருடம்.

அவருடைய கணவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். தெருவுக்கே அவர் மாஸ்டர். நல்ல மனுஷர்தான்; ஆனால் அவரிடம் இரண்டு சமாசாரங்களை அக்கா சகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்று, அந்த வெள்ளைக் கார். காலையில் எழுந்ததும் மனைவி முகத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, ஷெட்டைத் திறந்து காரின் முகத்தைப் பார்த்துவிடுவார். மற்றொன்று, ஒரு வாக்கியம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும், கொடியில் காய்ந்த துணி மழையில் நனைந்தாலும், மகளுக்குப் பார்த்த முதல் வரன் கை நழுவிப் போனாலும் மாஸ்டர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்வார்: "நான் அப்பவே சொன்னேன்."

கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு அக்கா அழுதிருக்கிறார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச வருடம் போனதும், "எப்பச் சொன்னீங்க? தேதி சொல்லுங்க" என்று மல்லுக்கு நிற்க ஆரம்பித்தார். அவரிடம் தேதி இருக்காது. இருந்தாலும் அடுத்த வாரம் இன்னொன்று தவறிப்போகும், கண்ணாடி கழலும், வாக்கியம் வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மாஸ்டரின் வலது கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். உயிர் பிழைத்தார். கால் ஓரளவுக்குத் திரும்பியது, கைத்தடியோடு நடக்கிறார். வலது கை திரும்பவில்லை. பேச்சும் திரும்பவில்லை. யார் என்ன சொன்னாலும் புரிந்தது, ஆனால் பதில் தொண்டையோடு நின்றுபோனது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் படம் போட்ட அட்டைகளைக் காட்டி, "இது என்ன, சொல்லுங்க சார்" என்று கெஞ்சுவாள். மாஸ்டர் ஒரு நாள் ஒரு அட்டையை இடது கையால் வாங்கிக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டார். அதில் இருந்த வாத்து சரியாக வரையப்படவில்லை என்பதுதான் காரணம் என்று அக்கா இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார்.

எட்டு மாதம் வீடு ஊமையாகக் கிடந்தது. அதற்குள் அக்கா, அறுபது வயதில், கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். மாஸ்டரின் பேச்சுப் பயிற்சி நிலையம் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். வாரத்துக்கு இரண்டு நாள் போக வேண்டும். அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குத்தான் அவர் ஓட்டவும் கற்றார். மெயின் ரோட்டில் லாரிகள் வரும் என்பதால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

முதல் நாள் மாஸ்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது.

"பிரேக்" என்றார் மாஸ்டர்.

அக்கா பிரேக்கை அழுத்தினார். அழுத்தியவர் எடுக்கவே இல்லை. பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்க, நடுத்தெருவில் காரை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். எட்டு மாதத்தில் மாஸ்டர் பேசிய முதல் வார்த்தை அது.

அதிலிருந்து காருக்குள் மட்டும் வார்த்தைகள் வந்தன. மெல்ல. கியர். ஹாரன் வேண்டாம். வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மறுபடியும் வாய்ப்பூட்டு. "எங்க வார்த்தை வருதோ அங்க விட்டுறாதீங்க" என்று பயிற்சிப் பெண் சொன்னாள். அக்கா ஒரு நோட்டுப் போட்டு, வந்த வார்த்தையையும் வந்த தேதியையும் எழுதிவைத்தார். இதுவரை நாற்பத்தொரு வார்த்தைகள். அதில் ஆறு, இவர் ஓட்டுகிற அழகைப் பார்த்து வந்த திட்டு. அதையும் தேதி போட்டு எழுதியிருக்கிறார்.

காருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. முன்கண்ணாடியின் மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மாஸ்டர் படுக்கையில் விழுவதற்கு ஒரு மாதம் முன்னால் எஞ்சின் ஆயில் மாற்றியபோது ஒட்டியது. அடுத்த மாற்றம் எத்தனையாவது கிலோமீட்டரில் என்று அதில் எழுதியிருந்தது. அக்கா மாதம் ஒருமுறை அந்த எண்ணையும் மீட்டரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். மூன்று வருடத்தில் வண்டி ஆயிரம்கூட ஓடவில்லை. "இன்னும் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் இருக்குங்க. இதே மாதிரி போனா எனக்குத் தொண்ணூறு தாண்டினப்புறம்தான் ஆயில் மாத்தணும்" என்று பெருமையாகச் சொல்வார்.

மாஸ்டர் அதைக் கேட்டு ஒரு நாளும் சிரித்ததில்லை. இடது கை விரலால் ஸ்டிக்கரைத் தட்டுவார். "ஆமாங்க, பார்த்துட்டேன், ஒன்பதாயிரம்" என்பார் இவர். மாஸ்டர் மறுபடி தட்டுவார். வீட்டுக்கு வந்ததும் கைத்தடியை ஊன்றிப் போய்ச் சுவரில் தொங்கும் காலண்டரைத் தட்டுவார். தாள்களை ஒற்றைக் கையால் பின்பக்கமாகப் புரட்டுவார். "அடுத்த பயிற்சி வெள்ளிக்கிழமைங்க. இன்னைக்கு செவ்வாய்தான்" என்று அக்கா தாளைச் சரியாக்கி மாட்டிவிட்டு, அவரைக் கைத்தாங்கலாக நாற்காலிக்குக் கூட்டிவருவார். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பயிற்சி முடிந்து திரும்புகிற வழியில், மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கியது. எஞ்சினிலிருந்து டக் டக்கென்று ஒரு சத்தம். மாஸ்டரின் முகம் வெளிறிப்போனது. "ஆஃப்" என்றார். "ஆஃப், ஆஃப்." அக்கா அணைத்தார். மெக்கானிக் ஆள் அனுப்பி வண்டியைக் கட்டி இழுத்துப்போனார்.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வயது, அதிகம் பேசமாட்டார். பானெட்டைத் திறந்து, ஆயில் ஊற்றுகிற வாயின் மூடியைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார். மூடியின் உட்புறத்தில் பால் விட்ட காப்பி நிறத்தில் ஏதோ கொழகொழவென்று ஒட்டியிருந்தது.

"கடைசியா ஆயில் எப்பக்கா மாத்தினீங்க?"

அக்காவுக்கு மனப்பாடம். கிலோமீட்டர் எண்ணை மடமடவென்று ஒப்பித்தார். இன்னும் ஒன்பதாயிரம் பாக்கி இருப்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"கிலோமீட்டர் கேக்கலக்கா. தேதி."

"மூணு வருஷம் இருக்கும்" என்று இழுத்தார் அக்கா, "ஒன்றரைக் கிலோமீட்டர்தான் போவோம், வருவோம்." மெக்கானிக் முன்கண்ணாடி மூலையில் இருந்த ஸ்டிக்கரை எட்டிப் பார்த்தார். எண்ணுக்குக் கீழே தேதி எழுத ஒரு கோடு இருந்தது. அது காலி. தேதி போடாத ஒரு பாட்டிலைக்கூடத் தன் வாழ்நாளில் கையெழுத்துப் போட்டு வாங்காதவர், அந்தக் காலிக் கோட்டை மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஓடாத வண்டிதான்க்கா ஆயிலை சீக்கிரம் கெடுக்கும்" என்றார் மெக்கானிக். "ஒன்றரைக் கிலோமீட்டர்ல எஞ்சின் சூடே ஏறாது. உள்ள ஈரம் கோத்துக்கும். நல்லா சூடாச்சுன்னா அது ஆவியாப் போயிடும். நீங்க சூடாகறதுக்குள்ள அணைச்சுடறீங்க. அந்தத் தண்ணி ஆயில்லயே தங்கிடுது. மூணு வருஷமா இதேதான் நடந்திருக்கு. ஓடினாலும் ஓடாட்டியும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். உங்களை மாதிரி இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் ஓட்டறவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தினா நல்லது."

அக்கா அந்த மூடியை விரலால் தொட்டுப் பார்த்தார். "கண்ணுக்குப் போடற சொட்டு மருந்து மாதிரி" என்றார், பாதி தனக்குள். "மூடியைத் திறந்தா ஒரு மாசம்தான். ஒரு சொட்டுப் போட்டாலும் சரி, ஒண்ணுமே போடாட்டியும் சரி, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடணும். ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கேன்."

"அதேதான்க்கா."

"எஞ்சின் பிழைக்குமா?"

"கீழ்த்தொட்டியக் கழட்டிப் பார்த்தாத்தான் தெரியும். நாலு நாள் குடுங்க. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

அந்த நாலு நாளும் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மகளிடம் போனில் சொன்னபோது அவள், "விட்டுத் தொலைம்மா. வாரத்துக்கு ஆறு கிலோமீட்டருக்கு எதுக்கு ஒரு கார்? வாடகை வண்டியில போங்க" என்றாள். நியாயமான பேச்சுதான். வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு வாடகை வண்டியில்தான் போனார்கள். மாஸ்டர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் ஒரு திருப்பத்தில் கண்மண் தெரியாமல் வெட்டி ஓட்டினான். பிரேக் என்று ஒரு வார்த்தை வரும் என்று அக்கா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து, அன்றைய தேதியை எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் மூடிவைத்தார்.

அன்று சாயங்காலம்தான் அவர் கண் காலண்டர் மேல் விழுந்தது. ஓரங்கள் மடங்கி, கசங்கிக் கிடந்தன, ஒற்றைக் கையால் புரட்டிப் புரட்டி. ஸ்டிக்கர், காலண்டர். ஸ்டிக்கர், காலண்டர். இந்த மனுஷர் இரண்டு வருடமாகத் தன்னிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு வாய் வரவில்லை, சரி. தனக்குக் காது இருந்ததே. மாஸ்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அசையாத அந்த வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. நாற்பது வருடப் பழக்கத்தில் இல்லாததால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மெக்கானிக் கூப்பிட்டார். எஞ்சின் தப்பித்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் இறுகியிருக்கும் என்றார். கீழ்த்தொட்டியில் சேறு மாதிரி படிந்திருந்ததை வழித்தெடுத்து, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டிருந்தார். "உள்ள ஒட்டியிருக்கற மிச்சம் கரைஞ்சு வரும். ரெண்டு மாசத்துல ஒரு தடவை மாத்திடலாம், அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒண்ணு. இன்னொரு விஷயம்க்கா. வாரத்துக்கு ஒரு நாள் மெயின் ரோட்டுல அரை மணி நேரம் ஓட்டுங்க. நடுவுல நிறுத்தாம. அதுதான் இதுக்கு மருந்து."

"மெயின் ரோட்டுலயா?"

"லாரிக்காரங்க நல்லவங்கதான்க்கா."

புது ஸ்டிக்கரை அவர் கையிலிருந்து வாங்கி, அக்காவே பேனாவை எடுத்தார். கிலோமீட்டர் இருக்க வேண்டிய இடத்தை அப்படியே விட்டுவிட்டு, தேதியை மட்டும் மருந்துச் சீட்டுக்கு எழுதுகிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மெயின் ரோட்டில் ஏறினார்கள். முதல் லாரி பக்கத்தில் போனபோது அக்கா கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தார். "நேரா" என்றார் மாஸ்டர். இரண்டாவது லாரிக்கு, "விடு. போகட்டும்." பத்து நிமிடம் கழித்து மூன்றாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு போனவரைப் பார்த்து, "நாலு" என்றார். அக்கா நான்காவது கியரைப் போட்டார். எஞ்சின் சத்தம் அடங்கி வண்டி இலேசானது. சிவப்பு விளக்கு வரவில்லை. வெப்பமானியின் முள், மூன்று வருடத்தில் முதல்முறையாக, நடுக்கோட்டுக்கு வந்து நின்றது.

மாஸ்டர் அந்த முள்ளைப் பார்த்தார். புது ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு இடது கையால், நிதானமாக, கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஒரு கை போதாது. அதனால் மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்" என்றார்.

அக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்... அப்பவே... சொன்னேன்."

நாற்பது வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த வாக்கியம். அக்காவுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்ட, "சொன்னீங்க. ஆமாங்க, சொன்னீங்க. நான்தான் கேக்கல" என்றார். எதிரே ரோடு கலங்கித் தெரிந்தது. ஓரங்கட்டுவதற்காக இண்டிகேட்டரைப் போட்டார்.

மாஸ்டர் இடது கையை நீட்டி அவர் முழங்கையைத் தட்டினார்.

"நிறுத்தாத" என்றார். "அரை மணி ஆகல."

அக்கா இண்டிகேட்டரை அணைத்துவிட்டு, முந்தானையால் ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கண்ணால் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.