பெயர் தொலைந்த இருநூற்றுப் பதினான்கு படங்கள்

சலத்திகா நகரச் சந்தை மாடியில் கணினி பழுது பார்க்கும் ஹப்சாரிக்கு வாய் நீளம், கை நிதானம். பக்கத்தில் பழச்சாறு விற்கிற எனக்கு அந்த நிதானத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

போன வியாழக்கிழமை காது கேளாதோர் பள்ளி ஆசிரியர் துலூஸ் மடிக்கணினியைக் கட்டிப்பிடித்தபடி வந்தார். அலுவலக வேலைக்கு விண்டோஸ், படம் வெட்டி ஒட்ட லினக்ஸ் என்று ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்திருந்தார். பிள்ளைகள் சைகையில் கதை சொல்லும் இருநூற்றுப் பதினான்கு காணொளிப் படங்கள் அதில் இருந்தன. சனிக்கிழமை பெற்றோருக்குக் காட்டவேண்டும். கோப்புறையோ திறக்கவே மறுத்தது.

"விண்டோஸை அணைச்சீங்களா வாத்தியாரே?"

"பொத்தானை அழுத்தினேனேம்மா."

"அது அணையல, தூங்கியிருக்கு. அடுத்த தடவை சீக்கிரம் முழிக்க."

"லினக்ஸ் அந்த வட்டுல எழுத மாட்டேன்னுச்சு. நான்தான் கட்டாயப்படுத்தினேன்."

"தூங்குறவன் வீட்டுல பூந்து சாமானை மாத்தி வச்சிருக்கீங்க. முழிச்சவன் பழைய நெனப்புல மேல எழுதிட்டான். அப்புறம்?"

"வட்டைச் சரிபண்ணவான்னு விண்டோஸ் கேட்டுச்சு. சரின்னேன்."

"நல்லா சரின்னீங்க போங்க!"

அவள் அந்த வட்டில் கை வைக்கவில்லை. அப்படியே முழுசாக இன்னொரு வட்டுக்கு நகல் எடுக்க விட்டுவிட்டுச் சோறு சாப்பிட்டாள். மணிக்கணக்காக ஓடியது. ஆசிரியர் நான் கொடுத்த அவகாடோ சாற்றைத் தொடவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, மனுசன் தவிக்கிறாரு. உள்ள பூந்து எடுத்துக் குடேன்!"

"நீங்க சாறு பிழிங்கக்கா. இதுல ஒரு எழுத்து எழுதினாலும் ஒரு பிள்ளை போயிரும்."

நான் பழம் வெட்டப் போனேன்.

மறுநாள் மதியம் நகலைத் துழாவி எல்லாப் படங்களையும் எடுத்துவிட்டாள். ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். ஆசிரியர் முகம் வாடிப்போனது.

"பாதிப் பிள்ளைங்க நான் வர்றதுக்கு முன்னாடி படிச்சதுங்க. எது யாரோடதுன்னு எப்படிம்மா சொல்வேன்?"

ஹப்சாரி ஒன்றைத் திறந்தாள். ஒரு சிறுமி கன்னத்தில் விரலை வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றினாள். அடுத்ததில் ஒரு பையன் புருவத் தழும்பை இரண்டு தடவை தட்டினான்.

"இது என்ன, எல்லாரும் ஆரம்பத்துல எதையாவது தொடுறாங்க?"

ஆசிரியர் எழுந்தே விட்டார். "அதும்மா, அதுதான் அவங்க சைகைப் பேரு! முதல்ல பேரைச் சொல்லித்தான் கதையே ஆரம்பிப்பாங்க. யாருக்கு எந்தச் சைகைப் பேருன்னு பள்ளிக்கூடத்துப் பட்டியல்ல எழுதியிருக்கு!"

அவர் ஓடிப்போய்ப் பட்டியலைக் கொண்டுவந்து, கண் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்துப் பெயர் சொன்னார், அவள் தட்டச்சு செய்தாள். கடையைப் பூட்டிவிட்டு நானும் உட்கார்ந்து சரிபார்த்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடிந்தது.

சனிக்கிழமை பள்ளியில் புருவத் தழும்புப் பையனின் படம் ஓடியது. சைகை தெரியாத அவன் அம்மா கண் கொட்டாமல் பார்த்தாள். முடிந்ததும் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ற மகனைப் பார்த்து, தன் புருவத்தை இரண்டு தடவை தட்டினாள். தன் சைகைப் பேரை அம்மா சொன்னதை அவன் அன்றுதான் முதன்முதலாகக் கண்டான். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.