மாற்றியதாகச் சொன்ன ஹோஸ்

எட்டு மாதமாக மீட்டர்காரர் தன் வலது கையை நம்புவதை விட்டிருந்தார். டம்ளரை எடுத்தால் இரண்டு கையாலும் பிடிப்பார். பூட்டில் சாவி நுழைய ஒரு நொடி பிந்தினால்கூட முகம் சுருங்கிவிடும். மருத்துவர் இரண்டு முறை சோதித்துவிட்டு, "உங்க கைக்கு ஒண்ணும் இல்ல சார், மனசுக்குத்தான் ஏதோ" என்று சிரித்து அனுப்பினார். மீட்டர்காரர் சிரிக்கவில்லை.

தண்ணீர் அலுவலகத்தில் இருபத்தேழு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் படித்தவர் அவர். மண்டியிட்டு, இரும்பு மூடியைத் தூக்கி, கண்ணாடியில் படிந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்து எண்ணைப் படிப்பார். நோட்டில் எழுதிவிட்டு, எழுதியது சரிதானா என்று மறுபடியும் குனிந்து பார்ப்பார். பெரிய கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. எதையும் இரண்டாம் முறை பார்ப்பவர், அவ்வளவுதான். ஊரின் மேட்டுத் தெருக்கள் முழுக்க அவர் பொறுப்பில் இருந்தன. ஏறி இறங்கப் பதினெட்டு வருடமாக ஒரே மோட்டார் சைக்கிள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அந்த வண்டியில் மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். அவள் தையல்காரி. தைத்து முடித்த துணி மூட்டை மடியில் இருந்தது. நீர்த்தொட்டியைத் தாண்டி இறங்கும் சரிவில், முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. அவர் முன் பிரேக்கைப் பிடித்தார். பிடித்தார் என்றுதான் அவருக்கு நினைவு. வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கை ஓங்கி மிதித்ததில் சக்கரம் இழுத்துக்கொண்டு போய்ச் சாய்ந்தது. அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கத்தரிக்கோல் அவள் சொன்னபடி கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்தவன் மச்சினன். இரண்டு தெரு தள்ளி வண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். தாய் இல்லாத வீட்டில் அக்கா இடுப்பிலேயே வளர்ந்தவன். கீழே விழுந்த வண்டியை அவன்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான்.

"நானே ஓட்டிட்டு வந்தேன் மாமா. பிரேக்கு கல்லு மாதிரி இருக்கு. போன வருஷந்தானே பிரேக்கு ஆயில் போற ஹோஸ புதுசாப் போட்டோம்," என்றான். பிறகு அவர் தோளில் கை வைத்தான். "அம்பது தாண்டிருச்சுல்ல. மூளை சொல்றத கை கொஞ்சம் லேட்டாத்தான் கேக்கும். மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

அது ஆறுதல் மாதிரித்தான் இருந்தது. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஹோஸ் புதிது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டான். சாலை ஈரமாக இல்லை. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது கை ஒன்றுதான். அந்த மாதமே அலுவலகத்தில் கடிதம் எழுதிக் கொடுத்து, மேட்டுத் தெருக்களை விட்டுவிட்டு, கவுண்டரில் ரசீது போடும் நாற்காலிக்கு மாறினார். வண்டிக்கு உறை போட்டு மூடினார்.

"வண்டிய கடையில விடுங்க மாமா, ஒரு சர்வீஸ் பண்ணி வைக்கறேன்," என்று மச்சினன் வரும்போதெல்லாம் கேட்டான்.

"வண்டி மேல என்னப்பா தப்பு? ஓட்டினவன் மேலதான் தப்பு," என்று அவர் பேச்சை முடித்துவிடுவார்.

மேட்டுத் தெருக்களில் மீட்டர் படிக்கப் புதிதாக வந்த பெண் ஒருநாள், "சார், உங்க வண்டி சும்மாதானே நிக்குது, எனக்குக் குடுத்துருங்களேன்," என்றாள். சரி என்றார். ஆனால் பார்க்காமல் எதையும் தள்ளிவிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. உறையை விலக்கி, முன் பிரேக்கை ஒரு கையால் அழுத்தி, மற்றக் கையால் ஹோஸைத் தடவிப் பார்த்தார். ஹோஸின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் சுருள் ஒன்று உறையாகச் சுற்றியிருந்தது. உரசிக் கிழியாமலிருக்கப் புதிதாகப் போட்டது என்று மச்சினன் அப்போது சொல்லியிருந்தான். பிரேக்கை அழுத்த அழுத்த, சுருளுக்குள் ரப்பர் புடைத்து அடங்கியது.

புடைத்தால் பிரேக்கின் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. இரண்டு வருடம்கூட ஆகாத ஹோஸ் புடைக்கலாமா? அன்று ஹோஸ் வாங்கியவர் அவரேதான். எஃகுக் கம்பி பின்னியதை எடுக்கச் சொல்லிக் கடைக்காரர் கெஞ்சியும், கம்பெனி ரப்பரே போதும் என்று வாங்கி வந்தார். வயிற்றில் ஆபரேஷன் ஆகிக் குனிய முடியாமல் இருந்ததால், மாட்டும் வேலையை மட்டும் மச்சினனிடம் விட்டிருந்தார். ஆக, தேர்வும் நம் தவறுதான் என்று முடிவுகட்டினார். தன் பெயரில் பழி எழுதிக்கொள்ளக் கை பழகியிருந்தது.

வெள்ளிக்கிழமை உதிரிபாகக் கடைக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு நூலை எடுத்து மேசையில் நீட்டினார்.

கடைக்காரர் நூலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன மீட்டர்காரரே, ஹோஸ் கேட்டா ஜாக்கெட்டுக்கு அளவு கொண்டாந்துருக்கீங்க."

"வீட்டுல தையக்காரி இருந்தா அப்படித்தான். ஹேண்டில் பாரை ஒரு தடவ உயரமா மாத்தியிருக்கேன். கம்பெனி நீளம் பத்தாது."

"எப்படி அளந்தீங்க?"

"முன் சக்கரத்தத் தூக்கி நிறுத்தி, அதத் தாங்கற போர்க்க முழுசாத் தொங்கவிட்டு. ஹேண்டில ரெண்டு பக்கமும் முட்டற வரைக்கும் திருப்பி."

கடைக்காரர் தலையை ஆட்டினார். "இங்க மெக்கானிக்குங்களே அதப் பண்றதில்ல. நின்ன வாக்குல அளந்துட்டுப் போயி, பள்ளத்துல சக்கரம் இறங்கும்போது ஹோஸு இழுத்துக்கும்." அலமாரியிலிருந்து எஃகுப் பின்னல் ஹோஸ்களை எடுத்துப் போட்டார். "முனை நேரா வேணுமா, வளைஞ்சதா?"

"மேல வளைஞ்சது. கீழ நேர்."

"செம்பு வாஷர்?"

"நாலும் புதுசு. பழச மறுபடி போட்டா கசியும்."

"உங்க மச்சான் கடையில வேலை காலியாருக்கா என்ன?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் பொட்டலம் கட்டினார். எட்டு மாதத்தில் மீட்டர்காரர் முதன்முறையாகக் கொஞ்சம் சிரித்தார்.

வீட்டில் பொட்டலத்தைப் பார்த்ததும் மனைவிக்கு முகம் மாறியது. "தம்பிகிட்ட குடுத்தா அரை மணி நேரத்துல போட்டுருவான். நீங்க எதுக்கு அழுக்குல உக்காந்துக்கிட்டு?" என்றாள். சனிக்கிழமை இரண்டு முறை அதையே சொன்னாள். என் கை மேல் அவளுக்கும் நம்பிக்கை போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில் வண்டியை நிறுத்தினார். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்டை அரித்துவிடும் என்பதால் டாங்கின் மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டார். சக்கரத்தின் பக்கத்தில், பிரேக் கட்டையைத் தாங்கும் காலிப்பரில் ஹோஸ் சேரும் இடம் அழுக்கேறிக் கிடந்தது. பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்தார்.

அழுக்குக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் கோடு வந்தது.

அது என்னவென்று அவருக்குத் தெரியும். கம்பெனியில் போல்ட்டை இறுக்கிச் சோதித்த பிறகு, போல்ட்டின் தலையிலிருந்து கீழே இருக்கும் உலோகம் வரை ஒரே இழுப்பாகப் போடுகிற பெயிண்ட் கோடு. போல்ட் ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு இரண்டாக விலகிவிடும். இது விலகவில்லை. மேலே, ஹேண்டில் பக்கத்துப் போல்ட்டின் ரப்பர் மூடியைக் கழற்றினார். அங்கேயும் கோடு நேராக நின்றது.

கத்தியால் பிளாஸ்டிக் சுருளை நீளவாக்கில் கிழித்தார். உள்ளே இருந்த ரப்பர் வெடிப்பு விட்டு, வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி இருந்தது. அதன் மேல் வெள்ளை எழுத்தில் செய்த வருடம் அச்சிட்டிருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்தார். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய எண். வண்டி பிறந்த வருடம்.

ஊர் வீடுகளின் எண்களையெல்லாம் குனிந்து குனிந்து படித்தவர், தன் வீட்டு வாசலில் நின்ற ஒரே ஓர் எண்ணை மச்சினன் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டார். சொந்தக்காரன் சொன்னதற்கு எதற்கு இரண்டாம் முறை என்று விட்டுவிட்டார். அவருடைய கழித்தலில் பிழை இல்லை. எந்த எண்ணிலிருந்து கழிக்கத் தொடங்கினாரோ அதுதான் பொய்.

கோபம் வந்ததா என்று கேட்டால், உடனே வரவில்லை. வேலை பாதியில் நின்றது, அதை முடிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. பழைய ஹோஸைக் கழற்றினார். இரு முனையிலும் புதிய செம்பு வாஷர்களை வைத்து, போல்ட்டை விரலிறுக்கமாக மட்டும் பூட்டி, ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஹோஸ் எங்கேயும் இழுக்கவில்லை, மடங்கவில்லை. பிறகு முழுதாக முறுக்கி, புது ஆயில் ஊற்றி, உள்ளே அடைந்திருந்த காற்றை எடுக்க உட்கார்ந்தார். இருவர் செய்தால் எளிதான வேலை. தனியாகச் செய்தார். வலது கையால் பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, இடது கையால் கீழே சிறு திருகைத் திறந்து, குமிழி வெளியேறியதும் மூடி, பிறகு பிரேக்கை விட்டார். மறுபடி பிடி, திற, மூடு, விடு. நூறு முறைக்கு மேல் இருக்கும். கை ஒருமுறைகூடப் பிந்தவில்லை. கடைசியில் பிரேக் அவர் விரல்களை எதிர்த்து நின்றது. அந்த எதிர்ப்பை விரலில் உணர்ந்தபோதுதான் கண் கலங்கியது.

மச்சினனுக்குப் போன் செய்து வா என்றார். வந்தவன், தரையில் கிடந்த பழைய ஹோஸைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து நின்றான்.

"புது ஹோஸ் எங்கப்பா?"

அவன் இப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"நான் வாங்கிக் குடுத்தேன்ல, அது எங்க?"

"வேற ஒரு வண்டிக்குப் போட்டுட்டேன் மாமா. அந்த ஆளு வாசல்லயே நின்னுக்கிட்டு உசுர எடுத்தான். ஒரு வாரத்துல இன்னொண்ணு வரவெச்சுப் போட்டுரலாம்னு ஆயிலை மட்டும் மாத்தினேன். ஆயில் மாத்தினதும் பிரேக்கு நல்லாத்தான் நின்னுச்சு. அப்புறம் அப்படியே..."

"சுருள் எதுக்குச் சுத்தின?"

அவன் காலால் மண்ணைக் கீறினான்.

"அவசரத்துல பண்ணிட்ட, சரி. மறந்துட்ட, அதுவும் சரி. ஆஸ்பத்திரியில என் தோள்ல கை வெச்சு என்ன சொன்ன?"

"மாமா, அக்கா அந்த நெலமையில படுத்திருக்கும்போது எப்படிச் சொல்றது? அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"என் மூஞ்சில முழிக்கலாம். அப்படித்தானே?" என்றார் மீட்டர்காரர். "இப்ப உங்க அக்கா வருவா. நீயே சொல்லு."

வீட்டுக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவன் எனக்குச் சொல்லிட்டான்," என்றாள். "கட்டுப் போட்ட மறுநாளே சொல்லிட்டான். என் கால்ல விழுந்து அழுதான். நான்தான் யார்கிட்டயும் சொல்லாதடான்னு சொன்னேன்."

மீட்டர்காரர் அவளைப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை.

"ஊருக்குத் தெரிஞ்சா அவன் கடைக்கு ஒரு வண்டி வருமா? அவன் தாங்கமாட்டான். நீங்கன்னா தாங்கிக்குவீங்க."

"தாங்கிக்கிட்டேன்," என்றார் அவர். "டாக்டர்கிட்ட ரெண்டு தடவ கூட வந்தியே. அவரு என் விரல ஒவ்வொண்ணா மடக்கிப் பாத்தாரு. நீ பக்கத்துலதான் உக்காந்திருந்த."

மச்சினன், "என்னால உங்க ரெண்டு பேருக்கும்..." என்று ஏதோ தொடங்கி மென்று முழுங்கினான். அவர் ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

பொய் சொன்னவனைப் புரிந்துகொள்வது அவருக்கு அவ்வளவு சிரமமாக இல்லை. பயந்தவன் பொய் சொல்வான். ஆனால் இருபத்துநான்கு வருடம் கூட இருந்தவள், இரண்டு பேரை எடைபோட்டு, இவன் உடைந்தாலும் பரவாயில்லை என்று ஒருவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அதிலும், அவனுடைய நல்ல குணத்தையே காரணமாகக் காட்டி. இதை என்ன பெயரிட்டு அழைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பொறுமைசாலி என்று தன்னைப் பற்றி அவள் முன்பெல்லாம் சொன்னபோது மகிழ்ந்ததை நினைத்துக் கூசினார்.

திங்கட்கிழமை மேலதிகாரியிடம் போய், மேட்டுத் தெருக்களைத் திரும்பக் கேட்டார். அதிகாரி மேசை இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்து வைத்தார். "நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" கை தளர்ந்துவிட்டது என்று அதில் அவர் கைப்படவே எழுதியிருந்தது. இனி அடுத்த வருடம்தான் பார்க்க முடியும் என்றார் அதிகாரி. வண்டி கேட்ட பெண்ணிடம், இனி அதைத் தர முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு, மீட்டர்காரர் ரசீதுப் புத்தகத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

செவ்வாய்க்கிழமைகளில் மனைவிக்கு மணிக்கட்டுப் பயிற்சி உண்டு. எட்டு மாதமாக இருவரும் பஸ்ஸில் போய், அவர் வெளிப் பெஞ்சில் காத்திருந்து, திரும்ப அழைத்து வருவது வழக்கம். அன்று அவள் பையுடன் வந்து, பஸ் நிறுத்தம் பக்கம் போகாமல் வண்டியின் அருகே நின்றாள். "இன்னைக்கு இதுலயே போலாமா?" என்றாள்.

அவர் ஏறி உதைத்தார். அவள் பின்னால் உட்கார்ந்து தோளில் கை வைத்தாள். நீர்த்தொட்டியைத் தாண்டியதும் சரிவு. பாதியில் ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்தான். மீட்டர்காரர் பிரேக்கைப் பிடித்தார். முன்சக்கரம் கொஞ்சமும் இழுக்காமல், சொன்ன இடத்தில் வண்டி நின்றது. தோளில் இருந்த கை ஒருகணம் இறுகித் தளர்ந்தது.

"நல்லா நிக்குது," என்றாள் அவள்.

அவர் கியரை மாற்றி ஓட்டினார். பயிற்சி நிலையத்து வாசலில் அவள் இறங்கி, அவர் வண்டியை நிறுத்திவிட்டு வருவார் என்று படியில் காத்திருந்தாள். அவர் என்ஜினை அணைக்கவில்லை.

"முடிஞ்சதும் போன் பண்ணு," என்றார்.

"உங்களுக்கா?"

"உன் தம்பிக்கு," என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளைப் பார்த்தபடி தெருவில் கலந்தார்.